ஊர் கொதிக்கும்போது பந்தயம் ஓட்டலாமா?

2012 ஏப்ரல் 18, புதன்கிழமை மாலை. பஹ்ரைனின் சாகிர் பாலைவனத்தில் இருக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத் தளத்தில் அன்றைய வேலையை முடித்துவிட்டு, ஃபோர்ஸ் இந்தியா அணியைச் சேர்ந்த நான்கு பேர் வாடகைக் காரில் தலைநகர் மனாமாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் போராட்டக்காரர்களுக்கும் போலீசுக்கும் மோதல். வண்டிகள் நின்றுவிட்டன. அவர்களுடைய காருக்கு அருகிலேயே ஒரு பெட்ரோல் குண்டு வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அணியில் இருவர் ஊருக்கே கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சிச் சுற்றில் அந்த அணி கலந்துகொள்ளவில்லை. இருட்டுவதற்குள் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் காரணம். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவாகும் சனிக்கிழமை தகுதிச்சுற்றில் அதன் ஓட்டுநர் பால் டி ரெஸ்டா முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். அப்படியும் நேரலையில் அந்த அணியின் கார்கள் கண்ணில் படுவதே அரிதாக இருந்தது.

அதே சனிக்கிழமை காலை, ஷகூரா கிராமத்தில் ஒரு கட்டடத்தின் கூரை மேல் போராட்டக்காரர் ஒருவரின் உடல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை திட்டமிட்டபடி பந்தயம் நடந்தது. செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். ஹெச்.ஆர்.டி. அணிக்காகக் கோவையின் நரேன் கார்த்திகேயனும் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார்.

அரசுக்கு எதிராக மக்கள் தெருவில் நிற்கும் ஒரு நாட்டில், அந்த அரசு நடத்தும் பந்தயத்தில் போய் ஓட்டலாமா? கார் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தெரியலாம். ஓட்டுநர் போகிறார், ஓட்டுகிறார், வருகிறார். உள்நாட்டுப் பிரச்சினைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் புரிய வேண்டுமானால், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காசு கொடுப்பவர் யார்?

ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்க மூன்று தரப்பு வேண்டும். விதிகளை வகுத்து அனுமதி தருவது எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு. தொலைக்காட்சி, விளம்பரம் உட்பட வணிக உரிமைகளை வைத்திருப்பது வேறொரு நிறுவனம். 2012இல் அதை நடத்தியவர் பெர்னி எக்கிள்ஸ்டோன். 2017 முதல் அது அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா கையில் இருக்கிறது. மூன்றாவது தரப்பு உள்ளூர் அமைப்பாளர். பந்தயத்தைத் தன் ஊருக்குக் கொண்டுவர அவர் வணிக உரிமையாளருக்கு ஆண்டுதோறும் பெரிய தொகை கட்ட வேண்டும். டிக்கெட் விற்று அந்தத் தொகையை எடுப்பது பல ஊர்களில் நடக்காத காரியம். அதனால் புதிதாகப் பட்டியலில் சேர்ந்த பல நாடுகளில் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அரசே கட்டுகிறது.

கட்டுகிற அரசுக்குக் கிடைப்பது என்ன? உலகம் முழுக்க வரவேற்பறைகளில் இரண்டு மணி நேரம் ஓடும் தன் நாட்டுப் படம். பளபளக்கும் தடம், விளக்கொளி, மேடையில் தேசியகீதம், கோப்பை கொடுக்கும் ஆட்சியாளர். இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது, நம்பி வரலாம், முதலீடு செய்யலாம் என்ற செய்தி அதில் இருக்கிறது.

பஹ்ரைனில் முதல் பந்தயம் 2004இல் நடந்தது. மத்திய கிழக்கிலேயே முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அது. அதைக் கொண்டுவந்ததில் பட்டத்து இளவரசர் சல்மான் பின் ஹமத் அல் கலீஃபாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2007இல் அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனமான மும்தலகத், மெக்லாரன் பந்தய அணியை நடத்தும் குழுமத்தில் 30 சதவீதப் பங்கை வாங்கியது. ஆக அந்த அரசு விருந்தளிப்பவராகவும் வாடிக்கையாளராகவும் பங்குதாரராகவும் இந்த விளையாட்டுக்குள் இருந்தது. ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று ஓட்டுநரைப் பார்த்துச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டுநர் விமானத்திலிருந்து இறங்குவதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கலப்பு நடந்து முடிந்துவிட்டது.

இது வளைகுடாவில் தொடங்கிய பழக்கமும் அல்ல. 1958 பிப்ரவரியில் கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா, மலைகளில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹவானா கடற்கரைச் சாலையில் கிராண்ட் பிரிக்ஸ் என்ற பெரிய கார் பந்தயத்தை நடத்தினார். உல்லாசப் பயணிகளுக்கு ஹவானா எப்போதும்போல இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. ஐந்து முறை உலக சாம்பியனான ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோவை, பந்தயத்துக்கு முந்தைய மாலை, லிங்கன் ஓட்டலில் வைத்துத் துப்பாக்கி முனையில் கிளர்ச்சியாளர்கள் கடத்திப் போனார்கள். அவர் இல்லாமலேயே பந்தயம் தொடங்கியது. ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் பலர் செத்தார்கள். ஃபாஞ்சியோ பத்திரமாக விடுவிக்கப்பட்டார், தன்னை நல்லபடியாக நடத்தியதாகவும் சொன்னார். பந்தயம் யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அரசும் கிளர்ச்சியாளர்களும் ஒரே மாதிரி துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஓட்டுநர்களுக்குத்தான் அது கடைசியில் தெரிந்தது.

பாதுகாப்பு ஒரு கேள்வி, நியாயம் வேறு கேள்வி

இந்த விவாதம் குழம்புவது ஓரிடத்தில்தான். அங்கே போனால் நமக்கு ஆபத்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நாம் போவதால் அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதலாவது பாதுகாப்பு பற்றியது, இரண்டாவது நியாயம் பற்றியது. நியாயத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த விளையாட்டின் நிர்வாகம் பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றிப் பதில் சொல்லித்தான் பழகியிருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகிவிடும்.

2022 மார்ச் 25, சவுதி அரேபியாவின் ஜெட்டா. முதல் பயிற்சிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போது, ஏமனின் ஹூதி படையினர் நடத்திய தாக்குதலில் அரம்கோ நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றியது. தடத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். கரும்புகை தடத்திலிருந்தே தெரிந்தது. எரிகிற வாசனை வருகிறது, என் காரிலிருந்தா என்று ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ரேடியோவில் கேட்டார். அன்று இரவு ஓட்டுநர்கள் நான்கு மணி நேரத்துக்கும் மேல் கூடிப் பேசினார்கள். பாதுகாப்புக்கு உறுதி தரப்பட்டது. பந்தயம் நடந்தது, வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். அதற்கு இரண்டு வாரம் முன்னால், மார்ச் 12 அன்று, அதே நாட்டின் அரசு ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தது. ஓட்டுநர்களை நள்ளிரவு தாண்டி உட்காரவைத்தது ஏவுகணைதான்.

பாதுகாப்புக் கேள்வியை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்த மெக்கானிக்குக்கு அதுதான் முதல் கவலை, அதுதான் முறையும். ஆனால் ஓர் இடம் வெளியூர்க்காரர்களுக்கு மிகப் பாதுகாப்பாக இருப்பதும் உள்ளூர்க்காரர்களுக்கு மிகக் கொடுமையாக இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். பல சமயம் ஒன்றுக்கு மற்றதுதான் காரணம். 2012இல் சாகிர் தடத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் கவச வண்டிகள் நின்றன. பந்தயக்காரர்களுக்கு அது காவல். சாலையோரக் கிராமத்தில் இருப்பவருக்கு வீட்டை விட்டு வெளியே வர முடியாத அடைப்பு.

2011: நின்றுபோன பந்தயம்

பஹ்ரைன் ஒரு சிறிய தீவு நாடு. ஆளும் அல் கலீஃபா குடும்பம் சுன்னி. குடிமக்களில் பெரும்பான்மையோர் ஷியா. துனிசியாவிலும் எகிப்திலும் ஆட்சியாளர்கள் வீழ்ந்ததைப் பார்த்த கூட்டம், 2011 பிப்ரவரி 14 அன்று தெருவில் இறங்கியது; மனாமாவின் முத்து ரவுண்டானாவில் கூடாரம் போட்டு உட்கார்ந்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசு வேண்டும், அரசியல் சாசனம் மாற வேண்டும், பாகுபாடு ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். 17ஆம் தேதி விடிவதற்கு முன் போலீஸ் கூடாரங்களுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின.

அதே வாரம் சாகிரில் ஜிபி2 ஏசியா என்ற இளநிலைப் பந்தயம் நடக்க வேண்டியிருந்தது. நடக்கவில்லை. தடத்தில் நிற்க வேண்டிய மருத்துவக் குழு மனாமா மருத்துவமனைகளுக்குத் தேவைப்பட்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தடத்தோரம் டாக்டர், ஆம்புலன்ஸ், தயார் நிலையில் ஒரு மருத்துவமனை என எல்லாம் இல்லாமல் கார் பந்தயத்தில் ஒரு சுற்றுகூட ஓட முடியாது. ஊரில் நூற்றுக்கணக்கானோர் அடிபட்டுக் கிடக்கும்போது இவர்களுக்காக ஒதுக்கிவைக்கும் ஒவ்வொரு படுக்கையும் வேறொருவருக்கு இல்லாமல் போகிற படுக்கை. மற்ற விளையாட்டுகளைவிடக் கார் பந்தயத்துக்கு இந்தக் கேள்வி கூர்மையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 21 அன்று, மார்ச் மாதம் நடக்கவிருந்த ஃபார்முலா ஒன் பந்தயத்திலிருந்து விலகுவதாகப் பட்டத்து இளவரசரே அறிவித்தார். மார்ச் நடுவில் சவுதி, ஐக்கிய அரபு அமீரகப் படைகள் நாட்டுக்குள் வந்தன. அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ரவுண்டானா நடுவே நின்ற முத்து நினைவுச்சின்னத்தை அரசு இடித்துத் தள்ளியது. காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களும் நர்சுகளும் கைதானார்கள். அந்தச் செப்டம்பரில் மருத்துவப் பணியாளர்கள் 20 பேருக்கு 5 முதல் 15 ஆண்டு வரை தண்டனை விதிக்கப்பட்டது, பின்னர் மேல்முறையீட்டில் பலர் விடுதலையானார்கள். பந்தயத் தளத்தின் ஊழியர்களும் தப்பவில்லை. பலர் கைது செய்யப்பட்டார்கள், பலர் வேலை இழந்தார்கள். உலகம் டிவியில் பார்க்கும் அந்தத் தடத்தில் வேலை பார்த்தவர்களே காவலில் அடிபட்டதாகச் சொன்னார்கள்.

ஜூன் 1இல் அவசரநிலை விலக்கப்பட்டது. ஜூன் 3இல் எஃப்.ஐ.ஏ.வின் உலக மோட்டார் விளையாட்டுக் குழு பார்சிலோனாவில் கூடி, பஹ்ரைன் பந்தயத்தை அக்டோபர் 30இல் நடத்த ஒருமனதாக முடிவெடுத்தது. அதன் துணைத் தலைவர் ஒருவர் நேரில் போய்வந்து, நிலைமை சீராகிவிட்டது என்று அறிக்கை கொடுத்திருந்தார். அவர் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் அரசுத் தரப்பினர். குற்றம்சாட்டப்படுபவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விசாரணையை முடிப்பது எந்த ஊரிலும் விசாரணை ஆகாது.

அந்த அக்டோபர் 30, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் குறித்திருந்த நாள். அதை டிசம்பருக்குத் தள்ளினார்கள். ஓட்டுநர் மார்க் வெபர் வெளிப்படையாகப் பேசினார்: ஒரு நாட்டில் மக்கள் துன்புறுத்தப்படும்போது அது விளையாட்டைவிடப் பெரிய விஷயம் என்று எழுதினார். ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் அவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் மிகக் குறைவு. அணிகளும் எதிர்த்தன. ஆனால் அவர்களுடைய கடிதம் பேசியது சீசன் நீள்வதைப் பற்றி, சரக்குப் போக்குவரத்தைப் பற்றி, ஊழியர்களின் களைப்பைப் பற்றி. அணிகளின் சம்மதம் இல்லாமல் தேதியை மாற்ற முடியாது என்ற விதி கைகொடுத்தது. சில நாட்களில் பஹ்ரைன் தானே விலகிக்கொண்டது. கிரேட்டர் நொய்டாவில் அக்டோபர் 30 அன்று இந்தியப் பந்தயம் நடந்தது.

முடிவு சரியாகத்தான் வந்தது. ஆனால் அதை நியாயத்தின் பேரில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்பது முக்கியம். அதனால்தான் அடுத்த ஆண்டு, சரக்குப் பிரச்சினையோ தேதிப் பிரச்சினையோ இல்லாதபோது, அணிகளிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. 2011 நவம்பரில் வெளிவந்த சுயாதீன விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நிகழ்வுகளில் 35 பேர் இறந்ததாகவும், காவலில் இருந்தவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதாகவும் பதிவு செய்தது. இத்தனைக்கும் அந்தக் குழுவை நியமித்தவர் மன்னரே. ஐந்து மாதம் கழித்து, ‘ஒரே தேசத்தின் கொண்டாட்டம்’ என்ற விளம்பர வாசகத்தோடு பந்தயம் திரும்பி வந்தது. ஆயுள் தண்டனை பெற்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் அப்துல்ஹாதி அல் கவாஜாவின் உண்ணாவிரதம் அப்போது 70 நாட்களைத் தாண்டியிருந்தது.

எவ்வளவு பொறுப்பு என்பதை அளக்க ஒரு கோல்

‘உலகத்தில் எந்த நாடுதான் யோக்கியம்? இப்படிப் பார்த்தால் எங்குமே பந்தயம் நடத்த முடியாது’ என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பொறுப்புக்கு அளவு உண்டு என்பதை அது மறைத்துவிடுகிறது.

2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, தொழில் நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதில் உபயோகமான ஒரு பாகுபாடு இருக்கிறது. ஒரு தீங்கை நீங்களே விளைவித்தீர்களா? வேறொருவர் செய்யும் தீங்குக்குத் துணைபோனீர்களா? அல்லது உங்கள் வியாபாரத் தொடர்பின் வழியாக அந்தத் தீங்கோடு சம்பந்தப்பட்டு மட்டும் இருக்கிறீர்களா? பொறுப்பு மூன்றிலும் இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை.

அடுத்த தெருவில் சாவு விழுந்தால் கல்யாண வீட்டில் மேளத்தை நிறுத்திவைப்பது நம் ஊர் வழக்கம். அது மரியாதை, நிறுத்தாவிட்டால் பண்பில்லாதவர்கள் என்பார்கள், அதோடு போகும். பந்தல் போட்டவரே அந்தச் சாவுக்குக் காரணம் என்றால், மொய் எழுதப் போகிறவர் யோசிக்க வேண்டியது மரியாதையைப் பற்றி மட்டுமா?

ஒரு நாட்டில் ஏதோ ஒரு மூலையில் அநியாயம் நடக்கிறது, பந்தயம் வேறொரு மூலையில் நடக்கிறது என்றால் அது தொடர்பு மட்டும். அந்தப் பந்தயத்தையே ‘பாருங்கள், எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அரசு சாட்சியாகக் காட்டினால், அது துணைபோவதை நெருங்குகிறது. பந்தயத்துக்காகவே ஒருவர் கைதானால்? நஜா யூசுஃப் என்ற பஹ்ரைன் பெண் 2017 ஏப்ரலில், பந்தய நேரத்தையொட்டிக் கைதானார். பந்தயத்தை எதிர்த்து ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு மூன்று வருட சிறைத் தண்டனை விதித்தார்கள். பந்தயத்தை விமர்சித்ததற்காக அல்ல என்று அரசு சொன்னது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 2019 ஆகஸ்டில் மன்னிப்பு பெற்று வெளியே வந்தார். என் பார்வையில், இந்த ஒரு வழக்கு போதும், ‘நாங்கள் விளையாட மட்டுமே வருகிறோம்’ என்ற வாதத்தைக் கீழே வைக்க. பந்தயம் இல்லாவிட்டால் அந்தப் பதிவுகள் எழுதப்பட்டே இருக்காது.

போவதால் நல்லது நடக்குமா?

போவதற்கு ஆதரவான நேர்மையான வாதம் ஒன்று உண்டு. பந்தயம் போகிற இடத்துக்குக் கேமராவும் போகும். 2012இல் பஹ்ரைன் கிராமங்களில் நடப்பதை உலகம் பார்த்ததற்குப் பந்தயமும் ஒரு காரணம். கார் டயரைப் பற்றி எழுத வந்த நிருபர்கள் கண்ணீர்ப்புகையைப் பற்றி எழுதினார்கள். எதிர்க்கட்சியான அல் வெஃபாக்கைச் சேர்ந்தவர்களிலேயே பந்தயம் நடக்கட்டும் என்றவர்கள் இருந்தார்கள். இதை நான் ஒதுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வெளிச்சம் பந்தயத்தை நடத்தியவர்கள் விரும்பிக் கொடுத்ததல்ல. பல நிருபர்களுக்கு விசா மறுக்கப்பட்டது. பிரிட்டனின் சேனல் 4 செய்திக் குழுவைப் பிடித்து நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். கேமரா மூன்று நாளில் கிளம்பிவிடும். அதன் முன் நின்று பேசியவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது? பாதிக்கப்பட்டவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்பதுதான் நான் அறிந்த நல்ல வழி. தென்னாப்பிரிக்காவில் இது தெளிவாக இருந்தது. நிறவெறி அரசோடு விளையாட வேண்டாம் என்று கறுப்பின மக்களின் இயக்கங்களே உலகிடம் கேட்டன. ஒலிம்பிக்ஸ் 1964 முதலே அந்த நாட்டை வெளியே வைத்தது. ஃபார்முலா ஒன்னோ அங்கிருந்த கயாலமி தடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1985இல் அங்கே அவசரநிலை அமலில் இருந்தது, அக்டோபர் 18 அன்று கவிஞர் பெஞ்சமின் மொலாய்சே தூக்கிலிடப்பட்டார், மறுநாள் பந்தயம். பிரெஞ்சு அரசின் நெருக்குதலால் ரெனோ, லிஜியே அணிகள் வரவில்லை. சில ஸ்பான்சர்கள் கார்களிலிருந்து தங்கள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். நைஜல் மேன்சல் ஜெயித்தார். அதன் பிறகு 1992 வரை அந்த நாட்டில் ஃபார்முலா ஒன் நடக்கவில்லை. ஒலிம்பிக்ஸ் 20 வருடம் முன்பே கேட்டுக்கொண்ட குரல், இங்கே அவ்வளவு தாமதமாகத்தான் காதில் விழுந்தது.

பஹ்ரைனில் குரல்கள் பிரிந்திருந்தன, எனவே விடை அவ்வளவு சுலபமில்லை. சுலபமில்லை என்பதற்காகக் கேட்காமலே இருந்துவிட முடியாது. 2011இல் நடந்தது அதுதான்.

யார் தலையில் சுமத்துவது?

ஓட்டுநரைப் பார்த்து ‘நீ ஏன் மறுக்கவில்லை?’ என்று கேட்பது சுலபம். 2012இல் நரேன் கார்த்திகேயன் இருந்த ஹெச்.ஆர்.டி., களத்திலேயே மிக ஏழ்மையான அணிகளில் ஒன்று. அப்படிப்பட்ட அணியில் இடத்தை விட்டால் அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். மெக்கானிக்கின் நிலை அதைவிட மோசம். அவர் மறுத்தால் செய்திகூட ஆகாது, வேலை மட்டும் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், கட்டணம் வாங்கியவர்கள், அனுமதி கொடுத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டு, ஹெல்மெட் போட்டவரை முன்னால் தள்ளுவது நியாயமில்லை. கேள்வி மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் வணிக உரிமையாளர், எஃப்.ஐ.ஏ., பிறகு பெரிய ஸ்பான்சர்கள், அணி முதலாளிகள், அதன் பிறகு நட்சத்திர ஓட்டுநர்கள். மெக்கானிக்கிடம் கேட்கவே வேண்டாம்.

நட்சத்திர ஓட்டுநர்களை நான் விட்டுவிட மாட்டேன். ஒரு பந்தயத்தை இழந்தாலும் அவர்களால் தாங்க முடியும், கேட்க உலகம் இருக்கிறது. 2012இல் இரட்டைச் சாம்பியனான வெட்டல், பஹ்ரைன் பற்றிய பேச்செல்லாம் ஊதிப் பெருக்கியது, டயர் வெப்பநிலை, கார் போன்ற உண்மையான விஷயங்களுக்குத் திரும்பலாம் என்ற பொருளில் பேசினார். அப்போது அவருக்கு 24 வயது. பத்து வருடம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ரஷ்யாவின் சோச்சியில் நடக்கவிருந்த பந்தயத்துக்கு நான் போகப் போவதில்லை என்று அன்றே சொன்ன ஓட்டுநர் அதே வெட்டல். மறுநாள் அந்தப் பந்தயம் ரத்தானது. லூயிஸ் ஹாமில்டனும் அப்படித்தான் படிப்படியாக வந்தார். பல வருடம் பஹ்ரைனில் ஓட்டியவர், சித்திரவதைக்கு ஆளானதாகச் சொன்னவர்களின் கடிதங்கள் 2020இல் கைக்கு வந்த பிறகு, படித்து, மனித உரிமைச் சட்ட நிபுணர்களிடமும் அதிகாரிகளிடமும் பேசியதாகச் சொன்னார். மரண தண்டனைக் கைதி ஒருவரின் 11 வயது மகன் அவருடைய காரை வரைந்து அனுப்பியிருந்தான்.

சோச்சி ஒரே நாளில் ரத்தானதைப் பார்த்து, பார், மனம் இருந்தால் முடிகிறதே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் அதே சோச்சியில் முதல் பந்தயம் நடந்தது 2014 அக்டோபரில், ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட அதே ஆண்டு. விளாதிமிர் புதின் நேரில் வந்து வெற்றியாளருக்குக் கோப்பை கொடுத்தார். அதை விளையாட்டின் நிர்வாகம் அரசியலாகப் பார்க்கவில்லை. 2020இல் அமெரிக்காவில் போலீசால் கொல்லப்பட்ட பிரியானா டெய்லருக்கு நீதி கேட்டு ஹாமில்டன் மேடையில் டி-ஷர்ட் போட்டபோதுதான் மேடை உடைக்கு விதி வந்தது. 2022 டிசம்பரில், அரசியல் கருத்துகளை வெளிப்படுத்த முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. விதியைத் திருத்தியது, ஓட்டுநர்கள் எதிர்த்த பின் பேட்டிகளில் பேசலாம் என்று விளக்கம் தந்தது. ஆட்சியாளரின் கையிலிருந்து கோப்பை வாங்குவது நடுநிலை, கொல்லப்பட்டவரின் பெயரைச் சட்டையில் போடுவது அரசியல் என்றால், அந்த நடுநிலை யார் பக்கம் சாய்கிறது என்று புதிதாகப் பார்ப்பவருக்கே புரியும்.

மாற்றம் வந்திருக்கிறதா? கொஞ்சம். பஹ்ரைன் விஷயமாக ஒரு மனித உரிமை அமைப்பு பிரிட்டனில் கொடுத்த புகாரின் விளைவாக, மனித உரிமைகளை மதிப்போம் என்று 2015இல் ஃபார்முலா ஒன் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நஜா யூசுஃப் கைதானது அதற்கு இரண்டு வருடம் கழித்து. எனவே பொதுவான உறுதிமொழி போதவில்லை. ஒவ்வொரு நாட்டோடும் போடும் ஒப்பந்தத்திலேயே சில விஷயங்களை எழுத வேண்டும். பந்தயத்தை விமர்சித்ததற்காக யாரையும் கைது செய்யக் கூடாது. செய்தியாளர்களுக்கு விசா மறுக்கக் கூடாது. தடத்தில் வேலை செய்பவர்களை அரசியல் காரணத்துக்காகப் பழிவாங்கக் கூடாது. நாட்டின் நிலைமையை ஆராயப் போகிறவர் அரசைச் சாராதவராக இருக்க வேண்டும், சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களையும் அவர் சந்திக்க வேண்டும். மீறினால் பந்தயம் ரத்து, கட்டிய பணம் திரும்பாது.

பஹ்ரைனோடு 2022இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2036 வரை செல்லும். இந்த நிபந்தனைகளை அதில் சேர்க்கச் சொல்லி லிபர்ட்டி மீடியாவிடமும், தங்களுக்குப் பிடித்த அணியிடமும், அந்த அணியின் ஸ்பான்சரிடமும் ரசிகர்கள் கேட்கலாம். ஒவ்வொரு சீசனும் கேட்கலாம்.